ராய்ஸ் பெங்கெல்லியின் தங்கக் காது

ராய்ஸ் பெங்கெல்லியின் விரல்கள் ஒவ்வொன்றும் வாழைக்காய் தடிமன் இருக்கும். வாழ்க்கையின் பெரும்பகுதியை நகரசபைக்கு ரோடு போடும் இயந்திரம் ஓட்டியே கழித்த கை. அந்தக் கையால் அவர் அரிசி மணி அளவுத் தங்கத்தைப் புல்லுக்கடியிலிருந்து எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, உள்ளங்கையில் உருட்டிக் காட்டும்போது எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் அதே புல்லை நான் சற்றுமுன்தான் தங்கம் தேடும் என் டிடெக்டரால் தடவிவிட்டு, ஒன்றுமில்லை என்று நகர்ந்திருப்பேன்.

நான் மெல்போர்னிலிருந்து சில மணி நேரம் தள்ளியிருக்கும் கொரெல்லா ஃப்ளாட் என்ற சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவன். பெயர் சிவக்கொழுந்து. வந்த முதல் வாரத்திலேயே ஊர் அந்தப் பெயரை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, காலின் என்று துப்பிவிட்டது. முதலில் கோபப்பட்டேன். பிறகு புதுக்கோட்டையில் இருக்கும் என் அக்கா மகனே போனில் "காலின் மாமா" என்று சிரிக்க ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன்.

இங்கே வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் மறுநாளே ஒரு டிடெக்டர் வாங்கிவிடுவார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தோண்டித் தீர்த்துவிட்டுப் போன காட்டில், விட்டுப்போனது ஏதாவது கிடைக்காதா என்று காதில் கருவியை மாட்டிக்கொண்டு அலைவார்கள். பெரும்பாலும் கிடைப்பது துப்பாக்கிக் குண்டு, பூட்ஸ் ஆணி, பீர் டப்பா மூடி. இருந்தாலும் குளிர்காலம் வந்து பாம்புகள் அடங்கியதும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் ராய்ஸோடு போவேன். அவருக்குக் கிடைக்கும், எனக்குக் கொசுக்கடியும் ஈத்தொல்லையும் கிடைக்கும்.

கிடைத்ததை விற்பதற்கு தங்கம் தேடுகிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் எங்கள் சங்கத்தின் கூடத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு மேசை போடுவார்கள். மேசைக்குப் பின்னால் ராய்ஸ் தராசோடு உட்கார்ந்திருப்பார். வெறும் தங்கக் கட்டியென்றால் எடை பார்த்து விலை சொல்வது எந்த அடகுக்கடைக்காரனுக்கும் தெரியும். வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லோடு ஒட்டிப் பிறந்த தங்கம்தான் வம்பு. ராய்ஸ் அதை முதலில் காய்ந்தபடியே நிறுப்பார். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுப்பார். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து உள்ளே எவ்வளவு கல், எவ்வளவு தங்கம் என்று சொல்லிவிடுவார். அதற்கு மேல் அவர் சொல்கிற ஒரு வார்த்தைக்காகத்தான் ஜனங்கள் பெண்டிகோ நகரத்திலிருந்துகூட வருவார்கள். "இதை உருக்கிடு" என்பார், அல்லது "இதை உருக்கினா உன்னை நான் உருக்கிடுவேன்" என்பார். உருக்கக் கூடாத கல்லுக்கு, உள்ளே இருக்கும் தங்கத்தைப் போலப் பல மடங்கு விலை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பூமியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும்.

அதனால்தான் மேசையில் ஒரு விதி உண்டு. போட்டவரே ராய்ஸ்தான். யாரோ ஒரு புத்திசாலி இரண்டு துண்டைச் சேர்த்து ஒட்டி, சுற்றுலா வந்த தம்பதியின் தலையில் கட்டிவிட்டுப் போன பிறகு போட்டது. விற்கிறவர் கல்லை மேசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். ராய்ஸ் எல்லோர் காதிலும் விழும்படி கேட்பார்: "அமிலம் பட்டதா? அரம் பட்டதா? பசை பட்டதா?" ஆமா, இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். ஆமா என்றாலும் தப்பில்லை, விலை குறையும், அவ்வளவுதான். இல்லை என்று சொல்லிப் பட்டது தெரியவந்தால், அதன்பின் அந்த ஆள் மேசைப்பக்கம் வரவே முடியாது. எழுதி வைத்த சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் யாரும் அவரிடம் வாங்க மாட்டார்கள்.

*

இந்தக் கதைக்குக் காரணமான அந்தக் கல் கிடைத்த அன்று நான் கூடவே இருந்தேன். இன்னும் நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பழைய குழிகளுக்கு மேற்கே, அயர்ன்பார்க் மரங்கள் அடர்ந்த சரிவு. தோண்டுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, அவருடைய கருவியிலும் சத்தத்தைக் கேட்கச் சொல்வது எங்கள் வழக்கம்.

"காலின், இங்க வாயேன். இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

கேட்டேன். "ஆணிய்யா. விட்டுட்டு வா, பசிக்குது."

"ஆணின்னா கத்தும். இது முனகுது."

"முனகுதோ, தாலாட்டு பாடுதோ, நீயே கட்டிக்கிட்டு அழு. நான் சாண்ட்விச் சாப்பிடப் போறேன்."

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ராய்ஸ் மண்ணில் குப்புறப் படுத்துக் கிடக்கிறார். மாரடைப்போ என்று ஓடினேன். வெள்ளையாக ஒரு கல்முனை தெரிந்ததும் கடப்பாறையைத் தூக்கி எறிந்துவிட்டு, சர்க்கரை போடும் ஸ்பூனால் சுற்றிலும் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மதியம் முழுக்கச் சுரண்டினார். ஒரு கீறல் விழக் கூடாது என்று மூச்சைக்கூட அளந்து விட்டார். வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றியபோது பார்த்தேன். பால் வெள்ளைக் கல். அதன் ஒரு ஓரத்திலிருந்து தங்கத் தகடு ஒன்று மெல்லிய காம்பில் எழும்பி, வளைந்து, சுருண்டு நின்றது. மனுஷக் காது மாதிரியே இருந்தது.

வீட்டில் அவர் மனைவி நோலீன் அதைச் சமையலறை மேசையில் வைத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என்ன இது, காது மாதிரி?"

"உன் காதுதான். ஒரே ஒரு வித்தியாசம், நான் சொல்றதை இது கேக்கும்."

"நீ சொல்றதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் நோலீன். "காலைக் கழுவிட்டு உள்ள வா முதல்ல. தரை பூரா மண்ணு."

அப்படித்தான் அதற்கு நோலீனின் காது என்று பெயர் வந்தது. வீட்டு முன்னறையில் கண்ணாடி அலமாரியில், அவர்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்தது. மெல்போர்னிலிருந்தும் இன்னும் தூரத்திலிருந்தும் கேட்டு வந்தார்கள். ராய்ஸ் கொடுக்கவில்லை.

கொடுக்கும் எண்ணம் வந்தது முழங்கால் போனபிறகுதான். பெண்டிகோவில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள், சரியாக வரவில்லை. காட்டுக்குப் போவது நின்றது. அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஒருநாள் என் கடையில் மாத்திரைக்குக் காத்திருந்தபோது சொன்னார்.

"நான் போயிட்டா அதை யாராவது உருக்கிடுவான் காலின். மோதிரம் பண்ணிடுவான். எனக்கு அதான் பயம்."

"அதான் நோலீன் இருக்காங்கல்ல?"

"அவளுக்கும் என் கூடவேதானே வயசாகுது, இளமை திரும்பிக்கிட்டா இருக்கு?"

கார்த் வின்டர் என்று மெல்போர்னில் ஒருவர். பெண்டிகோவில் புதிதாக ஒரு காட்சிக்கூடம் திறக்கிறார், அதற்காக நல்ல கற்களாகத் தேடி வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். ராய்ஸ் போட்டோ அனுப்பினார். பதில் வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தார். கடையில் கூட்டம் இருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பாங்களாம். மேல லைட்டு. கீழ ஒரு அட்டை. அதுல கண்டெடுத்தவர் ராய்ஸ் பெங்கெல்லி, கொரெல்லா ஃப்ளாட்னு போடுவாங்களாம்." கவுண்டரில் விரலால் அட்டையின் அளவுக்குக் கட்டம் போட்டுக் காட்டினார். "நான் போட்ட ரோடு எத்தனை இருக்கு. ஒண்ணுலயாவது என் பேரு இருக்கா சொல்லு."

அவருக்கு வேண்டியது அந்த அட்டைதான். விலையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு தடவைகூடப் பேசவில்லை.

கார்த் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்றார். வீட்டோடு முடித்திருக்கலாம். நானும் சொன்னேன். "ஏன்யா கூடத்துக்குக் கொண்டுபோற? நாலு சுவத்துக்குள்ள முடிச்சுட்டுப் போ." கேட்டால்தானே! "நான் போட்ட விதி எனக்கு மட்டும் கிடையாதா? மேசையிலதான் விப்பேன்" என்றார். நேர்மையானவர்களோடு சிநேகம் வைத்துக்கொள்வதில் இதுதான் தொல்லை.

*

அந்தச் சனிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. நோலீனும் மற்ற பெண்களும் பின்பக்கச் சமையலறையில் டீயும் தேங்காய்ப்பூ தூவிய கேக்கும் தயார் செய்துகொண்டிருந்தார்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பரிமாறும் ஜன்னல் உண்டு, திறந்தே இருந்தது.

ராய்ஸ் தன் நாற்காலியை விட்டு எழுந்து விற்கிறவர் நிற்கும் இடத்துக்கு வந்தார். அவருக்குப் பதிலாகச் சங்கச் செயலாளர் டல்சி உட்கார்ந்து கேட்டாள். டல்சி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். குரல் நாலு தெருவுக்குக் கேட்கும்.

"அமிலம் பட்டதா?"

"இல்லை."

"அரம் பட்டதா?"

"இல்லை."

"பசை பட்டதா?"

"இல்லை. சோப்புத் தண்ணியும் பல்தேய்க்கிற பிரஷ்ஷும் மட்டும்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். கார்த் கைகொடுத்தார். பிறகு பையிலிருந்து சின்ன டார்ச் ஒன்றை எடுத்தார். பசை இருந்தால் நீலமாக மினுங்க வைக்கும் ஊதா விளக்கு. "தப்பா நினைக்காதீங்க ராய்ஸ். நான் வாங்குற எல்லாத்துக்கும் அடிச்சுப் பார்ப்பேன். வழக்கம்" என்றார்.

"தாராளமா" என்று ராய்ஸே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

வெளிச்சம் கல்லின்மேல் போனது. வெள்ளைக் கல் மங்கிப்போய்க் கிடந்தது. காது இருண்டு நின்றது. காதின் அடியில், காம்பு கல்லில் இறங்கும் இடத்தில், நூல் அளவுக்கு ஒரு நீலக் கோடு பளிச்சென்று எரிந்தது.

ராய்ஸ் டார்ச்சை வாங்கினார். மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். அந்தக் காம்பு முழுசாக இருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவ்வளவு மெல்லிய இடத்தில், இவ்வளவு சுத்தமாக ஒட்டுகிற வேலை அந்த வாழைக்காய் விரல்களுக்கு ஏழு ஜென்மத்திலும் வராது. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

ராய்ஸ் தலையைத் தூக்கினார். பரிமாறும் ஜன்னலைப் பார்த்தார். நோலீன் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

"ஆமா" என்றார் ராய்ஸ். "நான்தான் ஒட்டினேன்."

நான் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவர் காதைக் கடித்தேன்: "ஏய் மனுஷா, எதுக்குப் பொய் சொல்ற?" அவர் தன் நல்ல காலால் என் பாதத்தை அழுத்தி மிதித்தார். வலியில் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

"நீயா?" என்றாள் டல்சி. மேசையில் கேட்கும் குரல் அல்ல அது.

"அலமாரியில இருந்து எடுக்கும்போது உடைஞ்சுது. ஒட்டிட்டேன். சொல்லியிருக்கணும். சொல்லல."

ஜன்னலில் நோலீன் திரும்பி நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. ராய்ஸ் அவளைப் பார்க்காமல் கல்லைத் துணியில் சுற்றினார். கார்த் தன் கையைப் பார்த்துக்கொண்டார், சற்றுமுன் குலுக்கிய கை. அதற்கு மேல் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

பிறகு நடந்ததெல்லாம் மரியாதையாகவே நடந்தது. தராசை டல்சி வாங்கிக்கொண்டாள். "கொஞ்ச நாளைக்கு" என்றாள், கண் கலங்கியபடி. தெருவில் பார்ப்பவர்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ராய்ஸை விசாரித்தார்கள். தங்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாருக்காவது ஒரு கட்டி கிடைத்தால் முன்பெல்லாம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். அது நின்றது.

எனக்குத் தாங்காதது வேறு. அவர் முன்பு நிறுத்துக் கொடுத்த பழைய கற்களையெல்லாம் ஜனங்கள் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு டல்சியிடம் போனார்கள், மறுபடி நிறுத்துப் பார்க்க. ஒன்றுகூடத் தப்பாக வரவில்லை. வரவில்லை என்று யாரும் அவரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. இந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்தவனிடம்கூட எரிந்து விழுந்தேன்.

நோலீன் தன் இரத்த அழுத்த மாத்திரைக்கு வந்தாள். கடையில் யாருமில்லை. சீட்டை நீட்டிவிட்டு, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் காலின்."

"தெரியும்" என்றேன்.

"அவரு ஆஸ்பத்திரியில இருந்தாரு. அலமாரியைத் துடைச்சேன். துணி மாட்டி இழுத்துடுச்சு. கையில பிடிச்சிட்டேன், ஆனா காது தனியா வந்திருச்சு. காலையும் அறுத்துக்கிட்டு வர்ற மனுஷன்கிட்ட இதை எப்படிக் காட்டுறது? டீபாட் கைப்பிடி ஒட்டுற பசை இருந்துச்சு. ஒட்டினேன். ஊசியால தொட்டுத் தொட்டு வச்சேன். ஊன்றுகோலை விட்டு நடக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு நினைச்சேன். நடந்தாரு. அப்பவும் வாய் வரல. அது பாட்டுக்கு அங்கேயே இருக்கப்போகுது, யாருக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"அவர் விக்கக் கிளம்பினப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"பசை ஒட்டினா அது பொய்யின்னு எனக்கு எங்க தெரியும்? உடைஞ்சா ஒட்டுவோம். கப்பு உடைஞ்சா ஒட்டுறதில்லையா? நீங்கல்லாம் மேசையில கேக்குற கேள்வியை நான் காதுல வாங்கினதே இல்ல. நான் எப்பவும் கேக்கு வெட்டிக்கிட்டு இருப்பேன்." மூக்கைச் சிந்தினாள். "வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேக்கல காலின். ஒரு முறைப்பு இல்ல. நீயா பண்ணினன்னு கேட்டா நான் ஆமான்னு அழுதிருப்பேன். ராத்திரிச் சாப்பாட்டுல உருளைக்கிழங்கு நல்லா இருக்குங்கறாரு. அதுதான் என்னைக் கொல்லுது."

"அப்ப போய்ச் சொல்லுங்க. கூடத்துல எழுந்து நின்னு சொல்லுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, அவள் பின்வாங்கினாள்.

"சொன்னா அவரு பொய் சொன்னாருன்னு ஆயிடாதா?"

"இப்ப மட்டும் என்ன ஆகியிருக்கு?"

அவள் மாத்திரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

ஆனால் அடுத்த முதல் சனிக்கிழமை சொன்னாள். ராய்ஸ் வர மறுத்திருக்கிறார், இழுத்துக்கொண்டு வந்தாள். கடைசி வரிசையில் அவரை உட்கார வைத்துவிட்டு, ஏப்ரனோடு நடந்து மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கார்த்தும் அன்று வேறு ஒரு கல்லுக்காக வந்திருந்தார்.

"அதை ஒட்டினது அவரு இல்ல, நான்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். துணி மாட்டியது, டீபாட் பசை, ஊசி. ஒன்றையும் விடவில்லை. முடித்ததும் எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. நல்லவேளை, தட்டவில்லை.

ஏனென்றால் நான் சுற்றிப் பார்த்தேன். பெண்கள் ஈரக்கண்ணோடு நோலீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கம், நம்பிக்கை இல்லை. "பாவம், புருஷனுக்காக..." என்று எனக்குப் பின்னால் ஒருத்தி மெல்லச் சொன்னது கேட்டது.

டல்சி நோலீனின் கையைத் தட்டிக்கொடுத்தாள். "விடும்மா. எங்களுக்குப் புரியுது. யாரும் அவரை வெறுக்கல."

"என்னத்தைப் புரிஞ்சுது?" என்று நோலீன் கத்தினாள். "நான்தான்னு சொல்றேன்! ராய்ஸ், எழுந்து சொல்லேன்!"

ராய்ஸ் எழுந்தார். எழ நேரமானது. "அவ சொல்றது நிஜம்" என்றார்.

கார்த் மெதுவாகத்தான் கேட்டார், கெட்ட எண்ணத்தோடு இல்லை. "அப்ப அன்னிக்கு நீங்க சொன்னது?"

"பொய்."

"அதுக்கு முன்னால, பசை படலைன்னு சொன்னது?"

"நிஜம். எனக்குத் தெரிஞ்சவரைக்கும் நிஜம்."

"இன்னிக்குச் சொல்றது?"

ராய்ஸ் மறுபடி உட்கார்ந்துவிட்டார். நானே எழுந்தேன். "நான் சாட்சி. இந்த ஆளுக்கு ஊசி பிடிக்கக்கூடத் தெரியாது. அவரு விரலைப் பாருங்க" என்று கத்தினேன். யாரோ சிரித்தார்கள். அவருடைய நண்பன் நான். பேசத்தானே செய்வேன் என்று அவர்களுக்கு நினைப்பு. கூட்டம் அடுத்த கல்லுக்குப் போய்விட்டது.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் நோலீன் ஏப்ரனைக் கழற்றிச் சுருட்டி வண்டிக்குள் எறிந்தாள். அழுகையும் ஆத்திரமுமாக அவர் நெஞ்சில் குத்தினாள்.

"வாழ்நாள் பூரா நீ சொன்னதை ஊர் நம்பிச்சு. ஒரே ஒரு பொய் சொன்ன, அதையும் நம்பித் தொலைச்சுட்டாங்க!"

"எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்?" என்றார் ராய்ஸ். "உன்னை அங்க நிக்க வச்சு, எல்லாரும் உன்னைப் பாக்குறதை நான் பாத்துக்கிட்டு இருப்பேனா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல!"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லியிருப்ப. அப்புறம் நான் எப்படிப் பொய் சொல்றது?"

நான் பக்கத்தில் நிற்கிறேன் என்பதையே இருவரும் மறந்திருந்தார்கள். எனக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஈ விழுந்துவிட்டது போல நடித்தேன்.

*

கார்த் சில வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். ஒட்டிய கல் என்று தெரிந்தே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். விலை குறைந்தது, அதை ராய்ஸ் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அட்டையைப் பற்றித்தான் கேட்டார்.

"உங்க பேரு வேணும்னா போடுறேன்" என்றார் கார்த். "ஆனா ஒட்டினதையும் போடணும். யாரு ஒட்டினாங்கங்கறதையும் போடணும். மறைச்சா நானும் பொய் சொன்னதா ஆகும். பேரு வேண்டாம்னா, கண்டெடுத்தவரைப் பத்தி ஒண்ணும் போடாம, ஒட்டியதுன்னு மட்டும் எழுதிடுவேன்."

"ஒட்டினது நோலீன் பெங்கெல்லின்னு போடுங்க" என்றாள் நோலீன்.

கார்த் தலையைக் குனிந்துகொண்டார். "முந்நூறு பேருக்கு முன்னால அவரே ஒப்புக்கிட்டாரும்மா. நான் வேற எதை எழுதுறது?" முந்நூறு என்பது மிகை. ஆனால் அப்படித்தான் அந்தக் கதை அதற்குள் வளர்ந்திருந்தது.

ராய்ஸ் கல்லை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பேர் இல்லாமல் போகட்டும் என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன், கூடவே கார்த்தை வாசலுக்கு வெளியே தள்ளியிருப்பேன். அவர் சொன்னார்: "பேரைப் போடுங்க. ரெண்டையும் போடுங்க."

இப்போது அது பெண்டிகோவில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு, எல்லாம் அவர் ஆசைப்பட்டபடிதான். கீழே அட்டையில் எழுதியிருக்கிறது: கண்டெடுத்தவர் ராய்ஸ் பெங்கெல்லி, கொரெல்லா ஃப்ளாட். உடைந்து, கண்டெடுத்தவராலேயே ஒட்டப்பட்டது.

ராய்ஸ் திறப்பு விழா அன்று ஒரே ஒரு முறை பார்த்தார். அதன்பிறகு உள்ளே போகவில்லை. ஆனால் பெண்டிகோவில் ஏதாவது வேலை வரும்போதெல்லாம் நோலீன் அங்கே போவாள். அவர் வண்டியில் காத்திருப்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். வெளியூர்த் தம்பதி ஒன்று குனிந்து அட்டையைப் படித்தது.

"அது தப்பு" என்றாள் நோலீன். "அதை ஒட்டினது அவரு இல்ல, நான்."

அந்தப் பெண் நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

அவள் நோலீனின் தோளை அன்பாகத் தொட்டாள். "நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்" என்றாள். இருவரும் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார்கள். நோலீன் இன்னும் யாராவது வருகிறார்களா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

வெளியே வந்தபோது ராய்ஸ் வண்டிக்குள்ளிருந்து எட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

"இன்னிக்காவது யாராச்சும் நம்பினாங்களா?"

"இல்ல."

"சரி, ஏறு" என்றார். "அடுத்த தடவை பாக்கலாம்."